பதினோராம் பக்கத்தில் ஒரு திருத்தம்

விசாரணை அறிக்கை நன்றாக வந்திருக்கிறது, ஞானம்பாள் மேடம். முப்பத்திரண்டு பக்கத்துக்கு எழுத்துப் பிழை இரண்டே இரண்டு. இந்தக் காலத்தில் யார் இவ்வளவு பொறுமையாக எழுதுகிறார்கள். நேற்று வேலை முடிந்து கேளம்பாக்கத்திலிருந்து செங்கல்பட்டு வருகிற பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. இறங்குவதற்குள் பாதி படித்துவிட்டேன். மீதியை வீட்டுக்குப் போய்ப் படித்தேன். பதினோராம் பக்கத்தில் ஒரு வரி மட்டும் தப்பாக இருக்கிறது. அதைச் சொல்லத்தான் அரை நாள் லீவு போட்டுவிட்டு உங்கள் ஆபீசுக்கு வந்திருக்கிறேன்.

உங்கள் டைப்பிஸ்ட் எழுதிக்கொள்ளட்டும், பரவாயில்லை. நான் மெதுவாகத்தான் பேசுவேன்.

என் பெயர் ஏசுதாஸ் என்பது நான்காம் பக்கத்திலேயே இருக்கிறது. கம்பெனியில் ஒன்பது வருஷ சர்வீஸ் என்பதும் சரி. பில்டு இன்சார்ஜ் என்றால் என்ன என்று ஒரு வரியில் முடித்துவிட்டீர்கள், அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்லியிருக்கலாம். எங்கள் கம்பெனி மீன்பிடிப் படகுகளுக்கு ஒரு பெட்டி செய்கிறது. டிபன் பாக்ஸ் அளவுதான் இருக்கும். கடலில் மிதக்கவிட்டிருக்கும் மிதவை ஒன்று அலை எவ்வளவு உயரம் என்று அளந்து அனுப்பிக்கொண்டே இருக்கும். அந்த உயரம் குறித்த எல்லையைத் தாண்டினால் பெட்டி கத்தும். கத்தினால் கடலுக்குப் போகக் கூடாது. விஷயம் அவ்வளவுதான்.

அந்தப் பெட்டிக்குள் ஓடுகிற புரோகிராமைப் பல பேர் பல துண்டாக எழுதுவார்கள். எல்லாத் துண்டையும் சேர்த்து, பெட்டியில் ஏற்றுகிற ஒரே ஃபைலாக ஆக்குவதுதான் பில்டு. எதற்குப் பிறகு எதைச் செய்ய வேண்டும் என்று கம்ப்யூட்டருக்கு வரிசையாகச் சொல்லும் பட்டியலை ஷெல் ஸ்கிரிப்ட் என்போம். எங்கள் கம்பெனியின் ஸ்கிரிப்ட் முழுக்க நான் எழுதியது. முதலாளி சுப்புராமன் சாரே ஒரு முறை வந்தவர்களிடம், "ஏசுதாஸ் ஒரு நாள் லீவு போட்டா பெட்டிங்க எல்லாம் ஊமையாயிடும்" என்று சொல்லியிருக்கிறார். வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆனால் பொய் இல்லை.

இந்த ஷெல்லில் ஒரு குணம் உண்டு. அதைப் புரிந்துகொண்டால்தான் மற்றது விளங்கும். ஒரே சமையலறையில் இரண்டு பேர் சமைக்கிறார்கள் என்று வையுங்கள். இரண்டு பேரும் ஆளுக்கொரு டப்பாவில் 'வெள்ளைத் தூள்' என்று எழுதி ஒட்டுகிறார்கள். ஒருவருக்கு அது உப்பு, மற்றவருக்குச் சர்க்கரை. வீடாக இருந்தால் இரண்டு டப்பா இருக்கும். ஷெல்லில் ஒரு பெயருக்கு ஒரே டப்பாதான். யார் கடைசியாகக் கொட்டினாரோ அவருடையதுதான் உள்ளே இருக்கும். முன்னால் கொட்டியவருடையது போன இடம் தெரியாது. கம்ப்யூட்டர் வாயே திறக்காது.

கம்பெனி தொடங்கிய முதல் வருஷம் இதனால் ஒரு தகராறு வந்தது. ஒருவர் வைத்த பெயரையே இன்னொருவரும் வைத்துவிட்டார். முட்டுக்காடு படகுத்துறைக்குக் கொடுத்த இரண்டு பெட்டி ஒரு வாரம் காரணமில்லாமல் கத்திக்கொண்டே இருந்தன. அதற்குப் பிறகு நான்தான் ஒரு நோட்டுப் போட்டேன். நீள நோட்டு, பழுப்பு அட்டை, இருநூறு பக்கம். ஸ்கிரிப்டில் ஒரு எண்ணைப் போட்டுவைக்கப் புதிதாக ஒரு பெயர் வேண்டுமென்றால் என் மேஜைக்கு வந்து கேட்க வேண்டும். நான் நோட்டைப் புரட்டி, காலியாக இருந்தால் தேதி போட்டு எழுதிக் கொடுப்பேன். ஆபீசில் இதற்குப் 'பேர் கேக்கறது' என்று பெயர். "இன்னா மச்சான், எங்க எழுந்து போற?" "அண்ணாத்தகிட்ட பேர் கேக்கப் போறேன்." எட்டு வருஷத்தில் நூற்று எழுபத்து மூன்று பெயர் எழுதியிருக்கிறேன். ஒரு தடவைகூட மோதல் வந்ததில்லை. இதை ஆறாம் பக்கத்தில் 'பழைய முறை' என்று எழுதியிருக்கிறீர்கள். போகட்டும்.

நோட்டில் இல்லாத பெயர்களும் பதினொன்று உண்டு. அவை என்னுடையவை, நோட்டுப் போடுவதற்கு முன்னால் வைத்தவை. என் பெயரை நானே என்னிடம் கேட்டு எழுதிக்கொள்வதா? அவை என் மண்டைக்குள் இருந்தன. அவற்றில் ஒன்று 'லிமிட்'. பில்டு முடிய எங்கள் பழைய மெஷினில் முப்பத்தொரு நிமிஷம் ஆகும். நாற்பத்தைந்து நிமிஷத்துக்கு மேல் இழுத்தால் எங்கேயோ சிக்கிக்கொண்டது என்று அர்த்தம், நிறுத்திவிட வேண்டும். அந்த நாற்பத்தைந்துதான் லிமிட்.

இனி ஜெனிட்டா. அவளைப் பற்றிக் குறையாக ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். நானும் அவளும் அச்சரப்பாக்கம் பக்கம் ஒரே தெரு, ஒரே சர்ச். எங்கள் தெருவில் கழனிக்கும் கல்குவாரிக்கும் போகாமல் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்த முதல் ஆள் நான், இரண்டாவது ஆள் அவள். அவள் அப்பா சாலமோன் அண்ணன் வீட்டுக்கு வந்து, "தம்பி, நீ ஒரு வார்த்த சொன்னா போதும்" என்றார். சொன்னேன். சுப்புராமன் சார் எடுத்துக்கொண்டார். நன்றி மறக்கிற பெண் இல்லை. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அவள் வீட்டிலிருந்து பலகாரம் வரும். ஆனால் அவள் வேலைக்குச் சேர்ந்த அடுத்த வருஷமே சர்ச்சில் பிள்ளைகளை எந்தக் காலேஜில் சேர்க்கலாம் என்று கேட்பவர்கள் அவளிடம் போய்க் கேட்க ஆரம்பித்தார்கள். நான் கவனித்தேன், அவ்வளவுதான்.

நவம்பர் முதல் வாரம் மீட்டிங்கில் அவள் ஒரு யோசனை சொன்னாள். ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் அது எந்த ஃபைலைச் சேர்ந்ததோ அந்த ஃபைலின் பெயரையும் சேர்த்துவிட்டால் ஒரு பெயர் இன்னொன்றோடு மோதவே மோதாது என்றாள்.

"அப்புறம் நோட்டு?" என்று யாரோ கேட்டார்கள்.

"நோட்டு வேணான்னு சொல்லலண்ணா," என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். "தேவைப்படாது. அவ்ளோதான்."

சுப்புராமன் சார் மேஜையைத் தட்டி, "இது இத்தினி வருஷம் நமக்குத் தோணலியே ஏசுதாஸ்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். எனக்கு வயிறு எரிந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். யோசனை சரியான யோசனை. அதுதான் எரிச்சல். டிசம்பரிலிருந்து புது முறை, அதுவரைக்கும் நோட்டு என்று முடிவாயிற்று.

அப்போது அவள் கையில் இருந்த வேலை மாமல்லபுரம் பக்கத்துக் குப்பம் ஒன்றுக்கானது. அதுவரை எல்லாப் பெட்டிக்கும் எல்லை ஒன்றரை மீட்டர் அலை. அந்தக் கரையில் ஒன்றரை மீட்டர் என்பது தினப்படி விவகாரம். பெட்டி ஓயாமல் கத்தியதால் ஜனங்கள் எரிச்சலாகி அணைத்து வைத்துவிட்டார்கள். அவரவர் கரைக்கு ஏற்றபடி எல்லையை பில்டிலேயே கொடுக்கலாம் என்று அவள் ஏற்பாடு செய்தாள். அந்தக் குப்பத்துக்கு இரண்டு மீட்டர். பெட்டி மீட்டரைப் பத்தாகப் பிரித்து டெசிமீட்டரில் எண்ணும், அதில் இருபது. அந்த இருபதுக்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது.

வியாழக்கிழமை மத்தியானம் என் மேஜைக்கு வந்தாள். எப்படியும் டிசம்பரில் தூக்கிப் போடப்போகிற நோட்டுதான். கேட்காமலே வைத்திருந்தாலும் யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். மரியாதைக்காகக் கேட்டாள்.

"அண்ணா, லிமிட்னு ஒரு பேரு. காலியா கீதா பாருங்களேன்."

நான் நோட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் புரட்டினேன். அவசரப்படவில்லை. "நோட்டுல இல்லம்மா" என்றேன்.

"அப்ப எடுத்துக்கவாண்ணா?"

"எழுதிக்கோ," என்று பேனாவை அவளிடம் கொடுத்தேன். அவளே தேதி போட்டு, லிமிட், ஜெனிட்டா என்று எழுதினாள். அழகான கையெழுத்து. ஒன்பதாம் பக்கத்தில் நீங்கள் ஒட்டியிருக்கிற ஜெராக்ஸ் அதுதான்.

நான் பொய் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். நோட்டில் இல்லை என்றேன். நோட்டில் இல்லைதான்.

என் கணக்கு என்னவென்றால், மறுநாள் அவள் பில்டு ஓட்டுவாள், என்னுடைய நாற்பத்தைந்தின் மேல் அவளுடைய இருபது போய் விழும். முப்பத்தொரு நிமிஷ பில்டு இருபதாவது நிமிஷம் அறுந்து நிற்கும். திரையில் 'நேரம் முடிந்தது' என்று சிவப்பாக வரும். அவள் தேடுவாள். இரண்டு நாள் தேடினாலும் கிடைக்காது. பிறகு எல்லோர் கண் முன்னாலும் எழுந்து என் மேஜைக்கு வந்து, "அண்ணா, கொஞ்சம் பாருங்களேன்" என்பாள். நான் பார்த்துச் சரிசெய்து கொடுப்பேன். என் ஆசை அவ்வளவுதான். யாருக்கும் ஒரு கீறல் விழவேண்டும் என்று நினைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை பில்டு எங்கும் நிற்காமல் பச்சையில் முடிந்தது.

எனக்குக் கொஞ்சம் அதிர்ச்சிதான். பதிவை எடுத்துப் பார்த்தேன். பில்டு எழுதிவைக்கிற பதிவை ஒரு வரி விடாமல் படிக்கிற ஆள் கம்பெனியில் நான் ஒருவன்தான். ஜெனிட்டா ஒழுங்கானவள். மற்றவர்கள் படிக்கச் சுலபமாக இருக்கட்டும் என்று தன் ஃபைலை எல்லாவற்றுக்கும் மேலே சேர்த்திருந்தாள். ஆகவே அவள் முதலில் கொட்டியிருக்கிறாள், நான் கடைசியில் கொட்டியிருக்கிறேன். பெட்டிக்குள் போன எல்லை இருபது இல்லை, நாற்பத்தைந்து. நாலரை மீட்டர் அலை வந்தால்தான் அந்தப் பெட்டி வாய் திறக்கும். நாலரை மீட்டர் என்றால் இரண்டரை ஆள் உயரத்துக்கு மேல், மேடம். அப்போது கத்தி என்ன பிரயோஜனம்.

சோதனையில் ஏன் பிடிபடவில்லை என்று கேட்டிருந்தீர்கள். சோதனைக்கு ஐந்து மீட்டர் பொய் அலை ஒன்று கொடுப்போம், கத்தினால் பாஸ். அது கத்தியது.

சாயந்திரம் நாலு மணிக்கு எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. ஒரு வரியை மாற்ற வேண்டும். நாற்பது விநாடி வேலை. ஜெனிட்டா இரண்டு மேஜை தள்ளி உட்கார்ந்து, பில்டு பச்சையானதற்கு எல்லோருக்கும் கடலை மிட்டாய் கொடுத்துக்கொண்டிருந்தாள். எனக்கும் கொடுத்தாள். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அவள் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து குடும்பத்தோடு வேடந்தாங்கல் போனோம். சீசன் அப்போதுதான் ஆரம்பம், நத்தைகொத்தி நாரை நிறைய வந்திருந்தது. என் மனைவி ரூத் பைனாகுலரை என்னிடம் கொடுக்கவே இல்லை.

திங்கட்கிழமை பெட்டியில் புது பில்டை ஏற்ற மாமல்லபுரம் போனேன். ஏற்றுகிற வேலை எங்கள் ஃபீல்டு ஆள் பூபாலனுடையது. புது எல்லையோடு போகிற முதல் பெட்டி என்பதால் கூட ஒருவர் போனால் நல்லது என்று சுப்புராமன் சார் கேட்டார். ஜெனிட்டாவுக்கு வேறு வேலை இருந்தது. நான் போகிறேன் என்றேன்.

அந்தக் குப்பத்தில் பெட்டியை அணைக்காமல் வைத்திருந்தவர் ஜம்புலிங்கம் ஒருவர்தான். ஐம்பத்தைந்து வயதிருக்கும். வடக்குக் கோடியில் முதல் படகு அவருடையது. அங்கே ஒரு வழக்கம் உண்டாகியிருந்தது. விடிகாலையில் கரைக்கு வருகிறவர்கள் கடலைப் பார்ப்பார்கள், பிறகு ஒருவரை ஒருவர், "ஜம்புலிங்கத்தோட பொட்டி கத்துச்சா?" என்று கேட்பார்கள். கடலும் சரியில்லாமல் பெட்டியும் கத்தினால் வலையைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். ஒன்பது படகுக்கும் அந்த ஒரு பெட்டிதான் காது.

ஏற்ற ஆறு நிமிஷம் ஆகும். நானே போனை வைத்து ஏற்றினேன். பூபாலன் படகின் நிழலில் உட்கார்ந்திருந்தான். ஜம்புலிங்கம் என் பக்கத்தில் நின்றுகொண்டே பேசினார்.

"சார், இத்தினி நாளு சும்மா சும்மா கத்திக்கினு கெடந்துச்சு சார். ஒரே பேஜாரு. எம் பொண்டாட்டி இன்னா சொல்றா தெரியுமா? கடலு பேசாம கீது, இதுதான் எந்நேரமும் பேசிக்கினு கீதுன்றா."

"இனிமே அப்படிக் கத்தாது" என்றேன்.

"நெசமா கத்த வேண்டிய நேரத்துல கத்துமா சார்?"

"கத்தும்" என்றேன். மேடம், இது மட்டும் பொய். இதை மறைக்கவில்லை.

அவர் மனைவி சாந்தா டீ போட்டுக் கொண்டுவந்தார். இஞ்சி தட்டிப் போட்ட டீ, நன்றாக இருந்தது. அவர்கள் மகன் தேவா பெட்டியின் கண்ணாடியைத் துணியால் துடைத்து வைத்தான். புதன்கிழமை ஜம்புலிங்கம் பூபாலனுக்குப் போன் செய்து, பெட்டி இப்போதுதான் ஒழுங்காக இருக்கிறது, புத்தி வந்துவிட்டது என்று சொன்னாராம். பூபாலன் அதை ஆபீசில் எல்லோருக்கும் சொன்னான். ஜெனிட்டாவுக்குக் கைதட்டினார்கள்.

அந்த வாரம் முழுக்கக் கடல் அமைதி. என் போனில் தினம் இரண்டு வேளை பார்த்தேன். அடுத்த செவ்வாய்க்கிழமைக்குக் காற்று ஏறும் என்று ஞாயிற்றுக்கிழமையே போட்டிருந்தது. திங்கட்கிழமை ஆபீசில் ஜெனிட்டா என் மேஜையைத் தாண்டி மூன்று முறை போனாள். ஒரு முறை நின்று, "அண்ணா, சாப்டீங்களா?" என்று கேட்டாள். சாப்பிட்டேன் என்றேன்.

செவ்வாய்க்கிழமை நடந்தது உங்கள் அறிக்கையில் சரியாக இருக்கிறது. விடிகாலையில் கரைக்கு வந்தவர்களுக்குக் கடல் பிடிக்கவில்லை. பெட்டி கத்தவில்லை. ஜம்புலிங்கத்துக்கே சந்தேகமாக இருந்ததால் பூபாலனுக்குப் போன் செய்து கேட்டிருக்கிறார். பூபாலன் விசாரித்துவிட்டு, போகலாம் என்று சொல்லியிருக்கிறான். அவர் முதலில் படகை இறக்கினார், மற்ற எட்டும் பின்னால் இறங்கின. திரும்பி வரும்போது அலை இரண்டே முக்கால் மீட்டர். எட்டுப் படகு எப்படியோ கரை ஏறிவிட்டது. அவருடையது கரைக்கு இருநூறு அடி இருக்கும்போது புரண்டது. தேவா ஒரு டீசல் கேனைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தான். ஜம்புலிங்கத்தை மறுநாள் சாயந்திரம் தெற்கே இரண்டு கிலோமீட்டர் தள்ளி எடுத்தார்கள். பெட்டி படகிலேயே இருந்தது. கடைசி வரைக்கும் கத்தவில்லை.

ஆபீசில் எல்லோருக்கும் கை கால் ஓடவில்லை. சுப்புராமன் சார் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "ஏசுதாஸ், எங்க தப்பு, கண்டுபிடிப்பா, உன்ன வுட்டா எனக்கு ஆள் இல்ல" என்றார். முதலாளி அப்படிப் பேசி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. நான் உட்கார்ந்தேன். எல்லோரும் என் நாற்காலியைச் சுற்றி நின்றார்கள். முதல் பத்து நிமிஷம் வேண்டுமென்றே வேறு இடத்தில் தேடினேன். நேராகப் போய் எடுத்தால் நன்றாக இருக்காது. பிறகு பதிவை மேலிருந்து ஒவ்வொரு வரியாகப் படித்து வந்து, அந்த வரியில் விரலை வைத்தேன். இருபத்திரண்டு நிமிஷம். நீங்கள்கூட எட்டாம் பக்கத்தில் 'திரு. ஏசுதாஸின் திறமையால் விரைவில் கண்டறியப்பட்டது' என்று எழுதியிருக்கிறீர்கள். நன்றி.

ஜெனிட்டா சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"நான் பேர் கேட்டுட்டுத்தானே அண்ணா எடுத்தேன்?"

நான் நோட்டை எடுத்து விரித்து வைத்தேன். அவள் கையெழுத்து. மேலே நூற்று எழுபத்து மூன்று பெயரும் என் கையெழுத்து, அது ஒன்று மட்டும் அவளுடையது. அவளாக எடுத்து எழுதிக்கொண்டது போல்தான் தெரிந்தது. எல்லோரும் பார்த்தார்கள்.

"அதுல உங்க லிமிட் இல்லியேண்ணா" என்றாள்.

"அது நோட்டுக்கு முந்தினதும்மா. எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே."

"உங்ககிட்டதானே அண்ணா கேட்டேன்."

சுப்புராமன் சார் அவளை வீட்டுக்குப் போகச் சொன்னார். அதற்குப் பிறகு அவள் ஆபீசுக்கு வரவில்லை. அவள் மேல் கவனக்குறைவால் உயிரிழப்பு என்று கேஸ் இருக்கிறது. அவளுக்குப் பேசி முடித்திருந்த மாப்பிள்ளை வீட்டார் கை கழுவிவிட்டார்கள். சாலமோன் அண்ணன் இப்போது சர்ச்சில் கடைசி பெஞ்சில் உட்காருகிறார். என்னைப் பார்த்தால் எழுந்து வணக்கம் சொல்கிறார். அதுதான் கஷ்டமாக இருக்கிறது.

பதினாறாம் நாள் காரியத்துக்கு நானும் பூபாலனும் போனோம். சாந்தா அந்தப் பெட்டியைக் கழுவித் துடைத்து அலமாரியில் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். அதை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"இத சரி பண்ணிக் குடு சார். வூட்ல வேற ஆம்பள இல்ல, தேவா கடலுக்குப் போயிதான் ஆவணும்."

அங்கேயே உட்கார்ந்து சரிசெய்தேன். எல்லை இருபது. சோதனைக்கு இந்த முறை இரண்டேகால் மீட்டர் அலை கொடுத்தேன். பெட்டி கத்தியது. சின்ன வீடு, சத்தம் பெரியது. வாசலில் இருந்தவர்கள் எல்லாம் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். சாந்தா இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "இப்ப கத்துதே சார்," என்றார், "இப்ப இன்னாத்துக்கு கத்துது? அன்னிக்கு எங்க போச்சு இது?" அப்படியே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் கல் இல்லை, மேடம். வெளியே வந்து கொஞ்ச நேரம் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பூபாலன் தண்ணீர் பாட்டில் வாங்கி வந்து கொடுத்தான்.

டிசம்பரில் புது முறை வந்துவிட்டது. ஜெனிட்டா சொன்ன அதே முறைதான். அவள் பெயரை யாரும் சொல்வதில்லை. நோட்டைக் கட்டி பரண்மேல் போட்டுவிட்டார்கள். இப்போது என் மேஜைக்கு யாரும் வருவதில்லை. அதனால் படிக்க நிறைய நேரம் கிடைக்கிறது. உங்கள் அறிக்கையை அதனால்தான் இவ்வளவு கவனமாகப் படித்தேன்.

பதினோராம் பக்கத்துக்கு வருகிறேன். மேலிருந்து நாலாவது வரியில் பூபாலனின் சாட்சியம் இருக்கிறது. ஜம்புலிங்கம் சந்தேகப்பட்டுக் கேட்டபோது பூபாலன் என்னிடம்தான் விசாரித்தான் என்பது சரி. ஐந்து ஐம்பதுக்குப் போன் வந்தது. நான் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன்.

"அண்ணாத்த, கடலு ஒரு மாரியா கீதாம். பொட்டி கத்தல. ஜம்புலிங்கம் கேக்கறாரு, போலாமான்னு."

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பான். எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பான். "பெட்டி கத்தலன்னா போகச் சொல்லு" என்றேன். பிறகு காலரை இஸ்திரி போட்டேன். நீங்கள் எழுதியிருக்கிற வாசகமும் அதுதான், ஒரு எழுத்துகூட மாறவில்லை.

தப்பு அதற்கு அடுத்த வரியில் இருக்கிறது. நானே வாசிக்கிறேன். 'பெயர் மோதல் தற்செயலாக நேர்ந்தது. அந்தக் காலையில் பெட்டியின் எல்லை தவறாக இருந்தது திரு. ஏசுதாஸ் உள்பட எவருக்கும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.' இந்த வரியைச் சுப்புராமன் சார் ஆபீசில் எல்லோருக்கும் உரக்க வாசித்துக் காட்டினார். பாவம், ஏசுதாஸ் அண்ணனுக்கே தெரியலையே என்று புதிதாக வந்திருக்கிற பையன்கள் பேசிக்கொண்டார்கள். அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இதைத் திருத்தினால் ஜெனிட்டாவுக்கு நல்லது நடக்கும் என்றால் நடக்கட்டும், சந்தோஷம்தான். எனக்கு என்ன தண்டனை என்பதையும் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள், அதில் எனக்கு வாதம் இல்லை. அந்த ஒரு வரியை மட்டும் அடித்துவிட்டுச் சரியாக எழுதுங்கள், மேடம். ஒன்பது வருஷத்தில் என் ஸ்கிரிப்டில் எனக்குத் தெரியாமல் எதுவும் நடந்ததில்லை.